நொடிக்கு 60 முறை பேசும் கருவிகள்

2004-ஆம் ஆண்டின் இறுதியில், மூன்றே வார இடைவெளியில், இரண்டு கையடக்க விளையாட்டுக் கருவிகள் சந்தைக்கு வந்தன. நிண்டெண்டோ நிறுவனத்தின் டிஎஸ் நவம்பர் 21 அன்று அமெரிக்காவிலும், சோனி நிறுவனத்தின் பிஎஸ்பி டிசம்பர் 12 அன்று ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தபோது, இரண்டின் உள்ளேயும் வைஃபை வானலைக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. அருகருகே இருப்பவர்கள் கம்பி எதுவும் இல்லாமல் ஒரே விளையாட்டைச் சேர்ந்து ஆடலாம் என்பது இரண்டுக்கும் பொதுவான வாக்குறுதி. தொழில்நுட்பப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டி ஒருதலைப்பட்சமானது. பிஎஸ்பியின் வானலைக் கருவி நொடிக்கு 11 மெகாபிட் வரை அனுப்ப வல்லது, டிஎஸ்-இன் உச்சமோ 2 மெகாபிட்தான். பிஎஸ்பியின் செயலி 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது, டிஎஸ்-இன் முதன்மைச் செயலி 67 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் ஒன்றில் 32 மெகாபைட், மற்றதில் 4 மெகாபைட். ஆயினும் 2005-இல் வெளிவந்த மரியோ கார்ட் டிஎஸ் என்னும் பந்தய விளையாட்டில் எட்டுப் பேர் ஒரே தடத்தில் வண்டியோட்டி மோதிக்கொள்ள முடிந்தது. ஐந்தரை மடங்கு மெதுவான வானலையில் இது எப்படிச் சாத்தியமானது என்பது ஒரு புதிர். சில ஆண்டுகளுக்குப் பின், பிஎஸ்பியின் ‘அருகில் இருப்போர் ஆட்டம்’ நகரங்களைத் தாண்டி இணையத்தில் பரவியபோது, டிஎஸ்-இன் அதே வகை ஆட்டம் மட்டும் அறையை விட்டு வெளியேற மறுத்தது ஏன் என்பது அதன் மறுபாதி.

முதலில், சேர்ந்து ஆடும் கருவிகள் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். இவ்வகைக் கருவி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதிதாக வரைகிறது. அதாவது ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 16.7 மில்லிநொடி அவகாசம். அந்த அவகாசத்துக்குள் எல்லாக் கருவிகளிலும் எல்லா வண்டிகளின் நிலையும் ஒத்துப்போக வேண்டும். படத்தையே அனுப்ப வேண்டியதில்லை. வண்டிகளின் இடத்தைக்கூட அனுப்ப வேண்டியதில்லை. எல்லாக் கருவிகளிலும் ஒரே நிரல், ஒரே தொடக்க நிலையிலிருந்து, ஒரே கணக்கைச் செய்கிறது என்றால், ஒவ்வொருவரும் எந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள் என்ற செய்தி மட்டும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தால் போதும். மீதி அனைத்தையும் ஒவ்வொரு கருவியும் தானே கணித்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டை ஒத்தநடை முறை எனலாம். இதில் தற்செயல்போலத் தோன்றும் நிகழ்வுகளும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து பிறக்கின்றன, ஆகையால் எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி நடக்கின்றன. ஆனால் ஒரே ஒரு பொத்தான் செய்தி ஒரு கருவிக்குப் போய்ச் சேராவிட்டாலும், அந்தக் கருவியில் ஓடும் பந்தயம் மற்றவர்களின் பந்தயத்திலிருந்து பிரிந்து வேறொரு உலகமாகிவிடும். அதனால் ஒத்தநடை விளையாட்டு, செய்தி வரும்வரை அடுத்த படத்தை வரையாமல் காத்திருக்கிறது.

டிஎஸ்-இல் உள்ள பொத்தான்கள் 12. ஒவ்வொன்றும் அழுத்தப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்ல 12 பிட், அதாவது இரண்டு பைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. நொடிக்கு 60 முறை என்றால் ஒருவருக்கு 120 பைட், எட்டுப் பேருக்கும் சேர்த்து ஆயிரத்துக்கும் குறைவு. நொடிக்கு 2 மெகாபிட் என்பதோ 2,50,000 பைட். 1989-இல் வந்த கேம் பாய் கருவியில் இருவர் டெட்ரிஸ் ஆட ஒரு கம்பியால் இணைத்தபோது, அந்தக் கம்பியில் நொடிக்கு 8,192 பிட்கள், அதாவது ஒரு கிலோபைட் மட்டுமே ஓடியது; ஆட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆக, நெரிசல் குழாயின் அகலத்தில் இல்லை. விளம்பரத் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் ‘மெகாபிட்’ எண், பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது எவ்வளவு நேரமாகும் என்பதற்கு விடை சொல்லும். இரண்டு பைட் செய்தி குறித்த நேரத்தில் தவறாமல் வந்து சேருமா என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

கம்பியில் இல்லாத ஒரு தொல்லை வானலையில் உண்டு. இரண்டு கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில், ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடத்தில் பேசுகின்றன. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இரண்டு செய்திகளும் கலங்கிப்போகும். பேசிக்கொண்டிருக்கும் கருவிக்குத் தன் குரலே மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுவதால், மோதல் நடந்ததே அதற்குத் தெரியாது. இதைத் தவிர்க்க வைஃபையின் அடிப்படை விதித்தொகுப்பான 802.11 ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறது. அனுப்ப விரும்பும் கருவி முதலில் தடத்தைக் கேட்க வேண்டும். அமைதியாக இருந்தால் 50 மைக்ரோநொடி பொறுக்க வேண்டும். பின்னர் பூஜ்யத்திலிருந்து 31 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை முறை 20 மைக்ரோநொடி காத்திருந்து, அதற்குள் வேறு யாரும் தொடங்காவிட்டால் தான் பேச வேண்டும். இந்தத் தற்செயல் காத்திருப்பின் சராசரி 310 மைக்ரோநொடி. செய்தி சரியாகக் கிடைத்தால் பெற்ற கருவி ஒரு சிறு ஒப்புகைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். அது வராவிட்டால் அனுப்பிய கருவி, செய்தி தொலைந்தது எனக் கொண்டு, முன்னிலும் பெரிய வரம்பிலிருந்து எண் குலுக்கி மறுபடி முயலும்.

இத்துடன் இன்னொரு செலவும் சேர்கிறது. ஒவ்வொரு தகவல் பொதிக்கும் முன்னால், கேட்கும் கருவி தன்னை இசைவித்துக்கொள்வதற்காக ஒரு முன்குறித் துடிப்பு அனுப்பப்படுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்பதால் அது எப்போதும் மெதுவான வேகத்திலேயே போகும். அதன் நீண்ட வடிவம் தலைப்போடு சேர்த்து 192 மைக்ரோநொடி எடுத்துக்கொள்கிறது. இப்போது 60 பைட் கொண்ட ஒரு சிறு பொதியைக் கணக்கிட்டால், 2 மெகாபிட் வேகத்தில் அதன் உடல் 240 மைக்ரோநொடி, முன்குறியோடு 432. 11 மெகாபிட் வேகத்தில் உடல் ஏறத்தாழ 44 மைக்ரோநொடி, முன்குறியோடு 236. தாளில் ஐந்தரை மடங்காக இருந்த வேகம் வானில் இரண்டு மடங்குகூட இல்லை. அதனோடு 50-ம், சராசரி 310-ம், ஒப்புகைக்கான நேரமும் சேரும்போது, வேகமான கருவியின் ஒரு சிறு பொதிக்கே மொத்தத்தில் 850 மைக்ரோநொடி அளவுக்கு ஆகிவிடுகிறது. அதில் உண்மையான செய்திக்குச் செலவானது இருபதில் ஒரு பங்கு. சிறு செய்திகளின் உலகில் ஆட்சி செய்வது பேசும் வேகம் அன்று, பேச்சு முறையைப் பங்கிடும் ஒழுங்கு.

அந்த ஒழுங்கில்தான் இரண்டு கருவிகளும் பிரிகின்றன. ஊர்த் திண்ணையில் பேசுகிறவர்கள், ஒருவர் நிறுத்தும் இடைவெளி பார்த்து மற்றவர் தொடங்குவார்கள்; இருவர் ஒருசேர வாயெடுத்தால் இருவரும் நிறுத்தி, யாரேனும் ஒருவர் மறுபடி தொடங்குவார். அதே ஆட்கள் ஊராட்சிக் கூட்டத்தில் அமர்ந்தால், தலைவர் பெயர் சொல்லி அழைத்த பிறகே, அழைத்த வரிசையில், ஒதுக்கிய நேரத்துக்குள் பேசுவார்கள். மேலே கண்ட 802.11-இன் வழக்கமான நடைமுறை திண்ணைப் பேச்சு. பிஎஸ்பி அதையே பின்பற்றியது. டிஎஸ் கூட்ட நடைமுறையைத் தேர்ந்தெடுத்தது. விளையாட்டைத் தொடங்கும் கருவி தலைமைக் கருவியாகிறது. அது குறித்த நேரத்தில் எல்லாருக்கும் பொதுவான ஓர் அழைப்புப் பொதியை விடுக்கிறது. யார் யார் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும் எத்தனை மைக்ரோநொடி என்ற பட்டியல் அந்தப் பொதியிலேயே இருக்கிறது. மற்றக் கருவிகள் குலுக்கல் எதுவும் இல்லாமல், தத்தம் முறை வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிலளிக்கின்றன. இறுதியில் தலைமைக் கருவி, எவருடைய பதில் வந்து சேரவில்லை என்பதைக் குறிக்கும் ஒரே ஒரு சிறு பொதியால் சுற்றை முடித்துவைக்கிறது. ஆளுக்கொரு ஒப்புகை இல்லை, மோதல் இல்லை, தற்செயல் காத்திருப்பும் இல்லை.

நால்வர் ஆடும் ஆட்டத்துக்கு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தலைமைக் கருவியின் அழைப்பு 200 பைட் என்று வைத்துக்கொண்டால், முன்குறியோடு அது ஒரு மில்லிநொடி. மூன்று பதில்களுக்கும் சேர்த்து ஒன்றரைக்கும் குறைவு. முடிப்புப் பொதிக்கு மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் மூன்று மில்லிநொடிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு படத்துக்கான 16.7 மில்லிநொடியில் பெரும்பகுதி எஞ்சி நிற்பதால், ஒரு சுற்றில் ஏதேனும் தொலைந்தாலும் அதே படத்துக்குள் மறுசுற்று நடத்த இடமிருக்கிறது. திண்ணை முறையில் நால்வரும் தத்தம் செய்தியை மற்ற மூவருக்கும் தனித்தனியே அனுப்பினால் படத்துக்கு 12 பொதிகள். ஒவ்வொன்றும் 850 மைக்ரோநொடி என்றால் பத்து மில்லிநொடிக்கு மேல். காத்திருப்புகள் ஒரே நேரத்தில் நடப்பதால் இது சற்றுக் குறையலாம், மோதல்களால் கூடவும் செய்யலாம். எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே ஒத்தநடை விளையாட்டுக்கு ஆகாத குணம். எல்லாருக்கும் பொதுவாக ஒரே பொதியை ஒலிபரப்பினால் எண்ணிக்கை நான்காகக் குறையும், ஆனால் ஒலிபரப்புப் பொதிகளுக்கு 802.11-இல் ஒப்புகை கிடையாது, தொலைந்தால் தொலைந்ததே.

மெதுவான வேகத்துக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. இந்த வகை வைஃபை நொடிக்கு 1 கோடியே 10 லட்சம் நுண்துடிப்புகளை வெளியிடுகிறது. 1 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டைச் சொல்ல 11 நுண்துடிப்புகள் செலவிடப்படுவதால், அவற்றில் சில கலங்கினாலும் எஞ்சியவற்றைக் கொண்டு பிட்டை ஊகித்துவிடலாம். 11 மெகாபிட் வேகத்தில் எட்டு நுண்துடிப்புகளுக்குள் எட்டு பிட்கள் திணிக்கப்படுகின்றன. ஆட்களின் உடல் இந்த அலைகளை உறிஞ்சும் நெரிசலான ரயில் பெட்டியில் எது தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் எப்படித் தெரியவந்தது என்பது தனிச் சுவை உடையது. டிஎஸ்-இன் வானலை நடைமுறையை நிண்டெண்டோ பொதுமக்களுக்கு வெளியிடவில்லை. ஆனால் வானலை யாருடைய வீட்டுச் சுவரையும் மதிப்பதில்லை. கருவி வெளிவந்த சில மாதங்களிலேயே ஆர்வலர்கள், கணினியின் சாதாரண வைஃபை அட்டையை, தனக்கு வராத பொதிகளையும் பதிவுசெய்யும் ஒட்டுக்கேட்பு நிலையில் வைத்து, இரண்டு டிஎஸ் கருவிகளை அருகில் ஆடவிட்டுப் பார்த்தனர். பதிவில் கிடைத்த பொதிகள் 802.11 சட்டத்துக்கு உட்பட்டவையாகவே இருந்தன. ஆனால் வழக்கமான வீட்டு வைஃபையில் ஏறக்குறையக் காணவே கிடைக்காத வகைகள் அவற்றில் இருந்தன. அழைப்பு ஒரு குறிப்பிட்ட குழு முகவரிக்கும், பதில்கள் வேறொரு குழு முகவரிக்கும், முடிப்புப் பொதி மூன்றாவது முகவரிக்கும் போயின. அழைப்பில் உள்ள ஓர் எண்ணின் ஒவ்வொரு பிட்டும் ஒரு ஆட்டக்காரரைக் குறித்தது. ஒரு கருவியை அணைத்தால் எந்த பிட் மாறுகிறது, மூன்றாவது ஆள் சேர்ந்தால் எந்த இடைவெளி நீள்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விதிகளை மீட்டெடுத்தார்கள். இதோடு, கருவியின் வானலைச் சில்லுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு இடங்களைச் சொந்த நிரல்களால் தட்டிப் பார்த்துப் பதிவுசெய்த ஜிபிஏடெக் போன்ற ஆவணங்களும் சேர்ந்தன. அவற்றால் புலப்பட்ட செய்திகளில் முக்கியமானது ஒன்று: பதில் கருவி தன் அடுத்த பதிலைச் சில்லில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறது, அழைப்பு வந்ததும் செயலியைக் கேட்காமல் சில்லே அதை அனுப்பிவிடுகிறது. சில மைக்ரோநொடிகளின் துல்லியம் அதனால்தான் கிடைக்கிறது. விளையாட்டுக் கருவியின் ரகசியத்தை உடைத்ததாக மட்டும் இதைக் காண்பது குறைவான பார்வை. காணமுடியாத ஒன்றின் விதியை, அதன் நடத்தையை மாற்றி மாற்றிப் பார்த்து அறிவது அறிவியலின் வழக்கமான வேலை.

பிஎஸ்பி தேர்ந்துகொண்டது அட்-ஹாக் எனப்படும் உடனடிப் பிணையம். வீட்டு வைஃபையில் இருப்பதுபோல மையக் கருவி எதுவும் இல்லாமல், கருவிகள் தங்களுக்குள்ளேயே ஒரு பிணையத்தைக் கட்டிக்கொள்ளும் இந்த முறையும் 802.11-இன் பகுதியே. இங்கே பொதி எப்போது வரும் என்ற உறுதி இல்லை. வந்தால் வேகமாக வரும். இந்த இயல்புக்கு ஏற்ற விளையாட்டு, ஒத்தநடையைக் கைவிட்டது: ஒவ்வொரு கருவியும் தன் ஆட்டக்காரரின் அசைவைத் தானே கணித்து உடனே திரையில் காட்டிவிட்டு, அவ்வப்போது தன் நிலையை மற்றவர்களுக்கு அறிவிக்கும். நால்வர் சேர்ந்து ஒரு பெரு விலங்கை வேட்டையாடும் கேப்காம் நிறுவனத்தின் மான்ஸ்டர் ஹண்டர் வரிசை பிஎஸ்பியில் செழித்தது. ஜப்பானில் ஆட்டக்காரர்கள் தேநீர்க் கடைகளிலும் விரைவுணவுக் கடைகளிலும் கூடி வேட்டையாடுவது வழக்கமாயிற்று. 2010 டிசம்பரில் வந்த அதன் பிஎஸ்பி பதிப்பு அந்த நாட்டில் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. இத்தகைய கூட்டு வேட்டையில் தோழனின் வாள் பத்தில் ஒரு நொடி தாமதமாக வீசப்பட்டதாகத் தெரிந்தாலும் எதுவும் குலைந்துவிடுவதில்லை.

எல்லாரிடமும் விளையாட்டு இருக்க வேண்டுமா என்பதிலும் டிஎஸ் தனிவழி சென்றது. ஒருவரிடம் மட்டும் விளையாட்டு அட்டை இருந்தால், மற்றவர்களின் கருவிகள் ஆட்டத்தின் ஒரு பகுதியை வானலை வழியே பெற்றுக்கொள்ளலாம். பெறும் கருவியின் 4 மெகாபைட் நினைவகத்துக்குள் அது அடங்க வேண்டும். நினைவகம் முழுவதையும் நிரப்ப 2 மெகாபிட் வேகத்தில் குறைந்தது 16 நொடி, நடைமுறையில் இன்னும் அதிகம். மரியோ கார்ட் டிஎஸ்-இல் இவ்வாறு விருந்தாளியாக வந்தவர்கள் அனைவரும் ஷை கை என்ற ஒரே பாத்திரமாகவே ஆட வேண்டியிருந்தது. குறைந்த இடத்தில் எட்டுப் பேரை அடக்கும் சிக்கனம் அது. பிஎஸ்பியிலும் பகிர்ந்து ஆடும் வசதி உண்டு என்றாலும், 1.8 கிகாபைட் வட்டில் பரந்து விரிந்த விளையாட்டுகளிலிருந்து வானலையில் அனுப்பத்தக்க சிறு துண்டை வெட்டி எடுப்பது எளிதன்று. பெரும்பாலான கூட்டு ஆட்டங்களுக்கு ஆளுக்கொரு வட்டு தேவைப்பட்டது.

2005 நவம்பரில் நிண்டெண்டோ தன் இணையச் சேவையைத் தொடங்கியபோது, டிஎஸ் தன் கூட்ட நடைமுறையை ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் சாதாரணக் கருவியாக இணைந்தது. அப்போது அதன் பழைய சில்லின் குறைகள் வெளிப்பட்டன: 2001-லேயே உடைக்கத்தக்கது என நிறுவப்பட்டுவிட்ட டபிள்யூஇபி என்ற பூட்டை மட்டுமே அது அறிந்திருந்தது, ஆகவே சிலர் விளையாட்டுக்காக வீட்டுப் பிணையத்தின் பாதுகாப்பையே தளர்த்த வேண்டியதாயிற்று, பிஎஸ்பிக்கோ, அதைவிட உறுதியான டபிள்யூபிஏ பூட்டு 2005-இலேயே மென்பொருள் புதுப்பித்தல் வழியாகக் கிடைத்துவிட்டது. இன்னொரு சான்று இன்னும் தெளிவானது. ஒரே மரியோ கார்ட் டிஎஸ் அட்டை, அறைக்குள் எட்டுப் பேருக்கு இடமளித்தது. இணையத்தில் நால்வருக்கு மட்டுமே. இணையப் பாதையில் சுற்று முறைக்கு வழியில்லாமல் போனதை இந்த எண்ணிக்கைக் குறைவோடு இணைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

இணையம் வழியாகச் செல்லும் ஒளிகூட இழைக்கம்பியில் ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர்தான் கடக்கும். போய்த் திரும்ப வேண்டுமானால் 100 கிலோமீட்டர். இடையிலுள்ள திசைவிகள் ஒவ்வொன்றும் இன்னும் தாமதம் சேர்க்கும். அழைப்பு விடுத்த சில மில்லிநொடிக்குள் பதில் வந்தாக வேண்டும் என்னும் டிஎஸ்-இன் அறைநடைமுறையை இந்தப் பாதையில் நீட்ட முடியாது. வேறு ஊரிலிருந்து வரும் பதில் எவ்வளவு சரியானதாக இருந்தாலும், தலைமைக் கருவி அதற்குள் ‘வரவில்லை’ என்று குறித்துச் சுற்றை முடித்திருக்கும். பிஎஸ்பியின் தளர்ந்த முறைக்கு இந்தத் தடை இல்லை. அட்-ஹாக் பொதிகளைக் கணினியால் பிடித்து, இணையப் பொதிக்குள் பொதிந்து, மறுமுனையில் பிரித்து மீண்டும் வானில் விடும் எக்ஸ்லிங்க் கை போன்ற மென்பொருள்கள் தோன்றின. கருவிகளோ, எதிராளி பக்கத்து இருக்கையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டன. 2008-இல் சோனியே இந்த உத்தியை ஏற்று, ஜப்பானில் தன் பிஎஸ்3 வீட்டு விளையாட்டுக் கருவியை இடைத்தரகராக்கும் அட்-ஹாக் பார்ட்டி என்ற மென்பொருளை வெளியிட்டது. கடைகளில் கூடிய வேட்டைக்காரர்கள் வீடுகளிலிருந்தே கூடத் தொடங்கினர்.

விற்பனையில் டிஎஸ் 15 கோடியே 40 லட்சத்தைத் தொட்டது. பிஎஸ்பி அதில் ஏறத்தாழப் பாதி. அந்த வெற்றிக்குத் தொடுதிரை, விலை, விளையாட்டுகளின் பரப்பு எனப் பல காரணங்கள் உண்டு. வானலை ஒழுங்கை அதற்குப் பொறுப்பாக்குவது மிகையாகும். டிஎஸ்-இன் இணையச் சேவையை நிண்டெண்டோ 2014 மே 20 அன்று நிறுத்திவிட்டதால், மரியோ கார்ட் டிஎஸ்-இன் நால்வர் இணையப் பந்தயம் அதிகாரபூர்வமாக முடிந்துபோயிற்று. சேவையகம் எதையும் நம்பியிராத எட்டுப் பேர் பந்தயம், கருவிகளின் மின்கலம் உழைக்கும்வரை நடக்கும்.